பாட்டை வெட்டி எடுத்த பிறகு மிச்சம் இருப்பது: ஸாப்பாவின் கிட்டார் தட்டுகளை எப்படிக் கேட்பது

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. சக ஊழியர் ஒருவர் அமெரிக்க ராக் கிட்டார் கலைஞரும் இசையமைப்பாளருமான ஃபிராங்க் ஸாப்பாவின் 'ஷட் அப் அன் ப்ளே யெர் கிட்டார்' ஆல்பத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார். நீங்கள் ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து தெம்பனிஸ் போகும் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் இயர்போன் மாட்டிக்கொண்டு இரண்டு தடவை கேட்டீர்கள். பாட்டு இல்லை, மெட்டு இல்லை, எதுவும் தொடங்குவதாகவும் தெரியவில்லை, முடிவதாகவும் தெரியவில்லை, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. சின்ன வயதில் சில ஆண்டுகள் கர்நாடக வாய்ப்பாட்டு கற்றதாகவும், இப்போது கிட்டார் வாசிக்கப் பழகுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். "எனக்குப் பிடிபடாதது ஏதாவது இதில் இருக்கிறதா, இல்லை வெறும் பில்டப்பா?" என்று முடித்திருக்கிறீர்கள். ஆல்பம் நல்லதா கெட்டதா என்பதைவிட, காதை எங்கே வைப்பது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. அதற்குப் பதில் இருக்கிறது. வாய்ப்பாட்டு கற்றவருக்கு அதைச் சொல்வது, ராக் மட்டுமே கேட்டு வளர்ந்தவருக்குச் சொல்வதைவிடச் சுலபம்.

முதலில் இது என்ன பொருள் என்று தெரிய வேண்டும். 1981-ல் மூன்று தனித்தனி எல்பி தட்டுகளாக, தபாலில் வரவழைத்து வாங்கும்படி ஸாப்பா வெளியிட்டது இது. கிராக்கி ஏறியதும் மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் கடைக்கு அனுப்பினார்கள். மொத்தம் 20 உருப்படிகள், ஏறக்குறைய 1 மணி 45 நிமிடம். ஸாப்பா தம் கச்சேரிகளை விடாமல் பதிவு செய்து சேர்த்து வைத்தவர். அந்தப் பதிவுகளில், பெரும்பாலும் 1979, 1980 ஆண்டுகளின் மேடைகளிலிருந்து, பாடல்களுக்கு நடுவே வரும் கிட்டார் சோலோக்களை மட்டும் கத்தரித்து எடுத்துக் கோத்தார். முன்னால் இருந்த பல்லவியும் போய்விட்டது, பின்னால் வரும் சரணமும் போய்விட்டது. எதுவும் தொடங்கவில்லை, முடியவில்லை என்று நீங்கள் எழுதியது உங்கள் காதின் குறை இல்லை. உண்மையிலேயே அவை நடுவில் தொடங்கி நடுவில் நிற்பவை.

இதே வகையில் மக்களுக்குப் பழக்கமான மற்ற ஆல்பங்களோடு ஒப்பிட்டால் இதன் கிறுக்குத்தனம் விளங்கும். ஜெஃப் பெக்கின் 1975 'ப்ளோ பை ப்ளோ', ஜோ சாட்ரியானியின் 1987 'சர்ஃபிங் வித் தி ஏலியன்' இரண்டிலும் பாடகர் நிற்க வேண்டிய இடத்தில் கிட்டார் நிற்கிறது. முணுமுணுக்க ஒரு மெட்டு, அது திரும்பி வரும் இடம், நடுவே கொஞ்சம் வித்தை. அமைப்பு பாட்டின் அமைப்புதான். ஸாப்பா அந்த அமைப்பையே தூக்கிப் போட்டுவிட்டார். நம் வழக்கில் சொன்னால், கிருதியை அகற்றிவிட்டுக் கற்பனை ஸ்வரத்தை மட்டும் தட்டில் ஏற்றியிருக்கிறார், எடுப்பு வரிகூட இல்லாமல். மிஞ்சியவை மூன்று. ஒன்றிரண்டு கார்டுகளில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளில்) நகராமல் நிற்கும் ஒரு தரை, அதன்மேல் அந்த நேரத்தில் தோன்றியதை வாசிக்கும் ஒருவர், அவர் சொல்வதற்குப் பதில் சொல்லும் டிரம்மர். இந்த ஆல்பத்தின் ஈர்ப்பு மூன்றாமவரிடம்தான் பெரிதும் இருக்கிறது என்பது என் கணிப்பு. கிட்டாரை மட்டும் கவனிப்பவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள்.

அதற்கு முன் ஒரு சின்ன நடைமுறைச் சிக்கலைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் கேட்காதீர்கள். ரயிலின் உறுமல் கீழ் அலைவரிசையில் இருப்பது. பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. காதை முழுக்க அடைக்காத இயர்போன் என்றால் அந்தப் பகுதி இன்னும் மெலிந்துவிடும். சாதாரணப் பாட்டில் இதனால் பெரிய நட்டம் இல்லை, குரல் நம்மைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விடும். இங்கே குரல் கிடையாது. தரையாக இருக்கும் பேஸும் கேட்கவில்லை என்றால், கிட்டார் எதிலிருந்து விலகுகிறது, எதற்குத் திரும்புகிறது என்பதே தெரியாமல் போகும். தம்புரா இல்லாமல் ஆலாபனை கேட்ட கதை. வீட்டில், காதை மூடும் ஹெட்ஃபோனிலோ ஓரளவு பெரிய ஸ்பீக்கரிலோ கேளுங்கள். செயலியில் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். மூன்று தட்டையும் ஒரே மூச்சில் கேட்கவும் வேண்டாம். எல்பியின் ஒரு பக்கம் சுமார் 17, 18 நிமிடம்தான், ஒரு அமர்வுக்கு அது போதும். முதல் தட்டின் முதல் பக்கம் என்றால் முதல் நான்கு உருப்படிகள்.

முதல் முறை கேட்கும்போது கிட்டாரைக் கண்டுகொள்ளாதீர்கள். பேஸை மட்டும் பிடித்து, வாய்க்குள் பாடிக்கொண்டே போங்கள். அது எத்தனை அடிக்கு ஒரு தரம் திரும்புகிறது என்று கையில் எண்ணுங்கள். அது கைக்கு வந்த பிறகு, இரண்டாம் முறை டிரம்ஸ். கிட்டாரை மூன்றாம் முறைக்கு விட்டுவிடலாம். இந்த வரிசை மாறினால் நீங்கள் முன்பு சிக்கிய இடத்திலேயே மறுபடியும் சிக்குவீர்கள்.

தொடங்குவதற்குத் தோதானவை ஆல்பத்தின் பெயரையே தாங்கிய மூன்று உருப்படிகள். தட்டுக்கு ஒன்றாக வைத்திருக்கிறார், முதலாவது சிறியது, மூன்றாவது நீளமானது. மூன்றும் 'இன்கா ரோட்ஸ்' என்ற ஒரே பாடலின் நடுவே வந்த சோலோக்கள். மூன்றுமே 1979 பிப்ரவரியில் லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் பதிவானவை. ஒரே பாட்டு, ஒரே அரங்கு, ஒரே குழு, மூன்று வெவ்வேறு வாசிப்பு. ஒரு வித்வான் அடுத்தடுத்த கச்சேரிகளில் ஒரே இடத்தில் நிரவல் செய்ததை வரிசையாகக் கேட்கக் கிடைப்பது மாதிரியான வாய்ப்பு இது. ஒவ்வொன்றிலும் முதல் அரை நிமிடத்தை மட்டும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். எந்த ஸ்வரத்தில் தொடங்குகிறார், எவ்வளவு நேரம் கீழேயே நிற்கிறார், டிரம்மர் எப்போது சாதாரணத் தாளத்தை விட்டு நகர்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இருபதும் ஒரே மாதிரி என்ற எண்ணம் அதிலேயே பாதி கழன்றுவிடும்.

இந்த மூன்றுக்கும் தரை சி மேஜர், டி மேஜர் என்ற இரண்டு கார்டுகள் மாறி மாறி வருவது. சி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், அதாவது ஒரு கட்டை ஸ்ருதியில், இரண்டு கார்டிலும் உள்ள ஸ்வரங்கள் ஸ, க, ப, பிறகு ரி, பிரதி மத்யமம், சதுச்ருதி தைவதம். காகலி நிஷாதத்தையும் சேர்த்தால் மேசகல்யாணியின் ஏழு ஸ்வரமும் வந்துவிட்டன. மேற்கில் இதை லிடியன் என்பார்கள், ஸாப்பா மிகவும் விரும்பிக் கையாண்டது. டி கார்டு ஏன் முக்கியம் என்றால், அதன் நடு ஸ்வரமே பிரதி மத்யமம். சி கார்டின்மேல் அந்த மத்யமம் கொஞ்சம் அந்தரத்தில் நிற்கும், டி வந்ததும் அதே ஸ்வரம் வீட்டுக்கு வந்துவிடும். கிட்டார் அந்த ம-வில் நீட்டிக்கொண்டு நிற்கும் இடங்களைத் தேடுங்கள். அவர் அசையாமல் நிற்க, அடியில் கார்டு மாறி அந்த ஸ்வரத்தின் நிறம் மாறும். கற்ற காதுக்கு இது உடனே பிடிபடும்.

ஆனால் அதைக் கல்யாணி என்று சொல்லிவிடாதீர்கள். ஸ்வரஸ்தானம் ஒன்று என்பதற்கு மேல் சொந்தம் கிடையாது. கல்யாணிக்கு உயிர் கொடுக்கும் கமகம் இங்கே இல்லை. ஸட்ஜ பஞ்சமத்தைத் தாண்டி நி ரி க ம என்று போகும் பிடியும் இல்லை. கிட்டாரில் தந்தியை இழுத்து ஏற்றுவது ப்ளூஸ் வழி வந்த வளைவு. ஜானி 'கிட்டார்' வாட்சன், கிளாரன்ஸ் 'கேட்மவுத்' பிரவுன் போன்றவர்களின் வாசிப்பை இளமையில் கேட்டு உள்வாங்கியவர் ஸாப்பா. ராகத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். மத்யமம் எங்கே நிற்கிறது என்று கவனிப்பதற்கு மட்டும் உங்கள் பயிற்சியைப் பயன்படுத்துங்கள்.

இப்போது தாளத்துக்கு வருவோம், சரக்கு அங்கேதான் இருக்கிறது. 1979 குழுவின் டிரம்மர் வின்னி கொலாயூட்டா. முந்தைய ஆண்டு குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது 22. பின்னாளில் ஸ்டிங், ஜெஃப் பெக் போன்றவர்களோடு வாசித்துப் பெரிய பெயர் எடுத்தார். ஸாப்பாவும் சிறுவயதில் டிரம்ஸில் தொடங்கியவர்தான். இருவரும் சேர்ந்தால் நான்கடித் தாளத்துக்குள் ஐந்து, ஏழு, பதினொன்று என்று சொற்கள் விழும். ஒரு அடியை நாலாகப் பிரிப்பது சதுச்ரம், ஐந்தாகப் பிரிப்பது கண்டம், ஏழாகப் பிரிப்பது மிச்ரம் என்று நீங்கள் சரளி வரிசை காலத்திலேயே கேட்டிருப்பீர்கள். ராக் உலகில் இது அபூர்வம். ஸ்டீவ் வாய் என்ற கிட்டார் கலைஞர் இருபது வயதை ஒட்டிய நாட்களில் இந்த சோலோக்களைக் கேட்டு ஸ்வரக் குறிப்பாக எழுதினார், 1982-ல் அது புத்தகமாகவே வந்தது. பக்கத்தைத் திறந்தால் ஒரு பிரிவுக்குள் இன்னொரு பிரிவாக எண்கள் அடுக்கியிருக்கும், பார்த்தால் மிரட்சிதான் வரும். காதால் கேட்டால் அவ்வளவு பயமில்லை. தாளத்தை மறக்காமல், ஆனால் தாளத்துக்கு அடங்காமல் ஒருவர் பேசுவதுபோல இருக்கும்.

முதல் உருப்படியான 'ஃபைவ் ஃபைவ் ஃபைவ்' இதற்கு நல்ல திறவுகோல். தலைப்பே கணக்கு: 5/8, 5/8, 5/4. எழுத்தில் பார்க்கக் குழப்பமாக இருக்கும், சொல்கட்டாகச் சொன்னால் ஒன்றுமே இல்லை. 'தகதகிட தகதகிட' என்று வேகமாக இரண்டு தரம், பிறகு அதே ஐந்தை ஒரு காலம் கீழே இறக்கி 'தா கா தா கீ டா'. வேகமான அட்சரத்தில் எண்ணினால் 5, 5, 10, மொத்தம் 20. அவ்வளவே. வாயால் சொல்லிக்கொண்டே உருப்படியைப் போடுங்கள். எங்கே தவறும் என்றால், மூன்றாவது ஐந்தை இழுக்கப் பொறுமையில்லாமல் நாலாவது அட்சரத்திலேயே மேலே தாவிவிடுவோம். அந்தப் பகுதியில் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு விரல் எண்ணினால் நிற்கும். கணக்கு வாயில் ஓட ஆரம்பித்ததும், மேலே கிட்டார் அதை எங்கெல்லாம் மதிக்காமல் தாண்டிப் போகிறது என்பது தானாகவே தெரியும்.

ஏழுக்கு ஒரு பயிற்சி. மெட்ரோனோமை 60-ல் வைத்து, இரண்டு அடிக்குள் 'தகிட தகதிமி' என்ற ஏழையும் சமமாகப் பரப்புங்கள். அநேகமாக எல்லோரும் தவறும் இடம் ஒன்று உண்டு. இரண்டாம் அடி விழும்போது வாய் தன்னையறியாமல் 'தகதிமி'யின் 'த'வைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்துவிடும். அப்படி வைத்தால் அது ஏழு இல்லை, முதல் அடியில் மூன்று, இரண்டாம் அடியில் நான்கு. உண்மையான ஏழில் இரண்டாம் அடி அந்த 'த'வின் நடுவில், 'த'வுக்கும் 'க'வுக்கும் சரிபாதியில் விழும். திருத்த வழி: மெட்ரோனோமை 30-க்கு இறக்கி நடு அடியே கேட்காதபடி செய்துகொண்டு ஏழையும் அழுத்தமில்லாமல் ஒரே சீராகச் சொல்லுங்கள். அது படிந்த பிறகு 60-க்குத் திரும்புங்கள். குழு பிரித்து அழுத்தம் கொடுத்துச் சொல்லும் பழக்கம் இருப்பவர்களுக்கு, மிருதங்கம் கற்றவர்கள் உட்பட, முதலில் இதுதான் தடையாக இருக்கும். இந்த ஏழு வாய்க்கு வந்தபின் தலைப்பு உருப்படிகளில் கொலாயூட்டாவை மறுபடி கேளுங்கள். குழப்பம் என்று தோன்றிய இடங்களில் சில, சமமாகப் பரப்பிய ஒற்றைப்படைச் சொற்கள் என்று தெரியவரும்.

இங்கே ஒரு கேள்வி எழும்: அப்படியானால் ஸாப்பா இதை நம்மிடமிருந்து எடுத்தாரா? நிச்சயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவு. சக்தி குழுவில் வாசித்த வயலின் வித்வான் எல். ஷங்கர் ஸாப்பாவோடு பழகியவர். 1978 அக்டோபர் கடைசியில் நியூயார்க் மேடையில் விருந்தினராக வாசித்தார், கொலாயூட்டா டிரம்ஸில் இருந்தார். அந்தக் கச்சேரியில் 13 அட்சரக் கணக்கில் ஒரு உருப்படியும் உண்டு, பிற்பாடு தட்டிலும் வந்தது. 1979-ல் ஷங்கரின் 'டச் மீ தேர்' ஆல்பத்தைத் தயாரித்தவரும் ஸாப்பாதான். ஹாமர்ஸ்மித் கச்சேரிகள் அந்த மேடைக்கு நாலு மாதம்கூட ஆகாமல் நடந்தவை. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு "பார்த்தீர்களா, எல்லாம் நம்ம ஊர்க் கணக்கு" என்று குதிப்பது சரியில்லை. ஐந்திலும் ஏழிலும் அவர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எழுதிக்கொண்டிருந்தார். ஸ்ட்ராவின்ஸ்கி, வரேஸ் என்ற மேற்கத்திய இசையமைப்பாளர்களை இளமையிலேயே கரைத்துக் குடித்தவர். ஷங்கரோடு இருந்த பழக்கம் 1979 வாசிப்பில் ஏதாவது தடம் விட்டதா என்பதைக் காதால் மட்டும் நிரூபிக்க முடியாது. தற்செயலான ஒற்றுமை என்றே எடுத்துக்கொண்டாலும் கேட்பதற்கு அது உதவுகிறது, அதற்குமேல் எனக்கு வேண்டியதில்லை.

அதேபோல, டிரம்மரும் கிட்டாரும் ஒரே இடத்தில் வந்து சேரும்போது அது பேசி வைத்ததா, அந்தக் கணத்தில் நடந்ததா என்பதும் தட்டை மட்டும் கேட்டுத் தீர்க்கக்கூடியது அல்ல. ஒரே பாட்டின் மூன்று வாசிப்பிலும் சேரும் இடங்கள் வெவ்வேறாக இருப்பதால் பெரும்பாலும் அந்தக் கணத்தில் நடந்தவை என்றே நினைக்கிறேன். தனி ஆவர்த்தனத்தில் மோரா வைத்துச் சமத்துக்கு வருவதுபோல முன்கூட்டிய கணக்கு இங்கே இல்லை. சில இடங்களில் சேராமலே போய்விடுகிறார்கள். ஸாப்பா அவற்றையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'ட்ரெச்சரஸ் கிரெட்டின்ஸ்' ரெகே தாளத்தில் நிதானமாகப் போவது, முதல் நாளிலேயே பிடித்துவிடும். 'டெத்லெஸ் ஹார்ஸி'யில் ஒரே சங்கதி அடியில் விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், தரை எது மேலே எது என்று பழக அது நல்லது. கிட்டார் கலைஞர் கார்லோஸ் சந்தானாவின் பெயரைக் கிண்டலாகத் தலைப்பில் வைத்த உருப்படி, அவர் பாடல்களில் அடிக்கடி வரும் மைனர் கார்டு, அதன் நாலாவது மேஜர் கார்டு என்ற ஜோடியைக் குறிக்கிறது. ஸ்வரஸ்தானத்தில் அது கரகரப்பிரியா. 'ஷிப் அஹாய்' 1976-ல் ஜப்பானின் ஒசாகாவில் எடுத்தது, 'பிங்க் நாப்கின்ஸ்' 1977-ல் எடுத்தது. பின்னதில் டிரம்ஸ் டெரி போஸியோ. கொலாயூட்டாவுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசத்துக்காகவே அதைக் கேட்கலாம். கடைசி உருப்படி 'கனார் டு ஜூர்', ஸாப்பா புஸூக்கி என்ற கிரேக்கத் தந்தி வாத்தியத்திலும் ஜான்-லுக் பான்டி வயலினிலும் ஏறக்குறைய பத்து நிமிடம் உரையாடுவது. மேடை இரைச்சல் எதுவும் இல்லாத அதை நான் கடைசியில் வைக்க மாட்டேன், நடுவில் ஒரு நாள் தனியாகக் கேட்பேன்.

குறையும் உண்டு. இருபதும் ஒரே தரம் இல்லை. மூன்றாம் தட்டின் நடுப்பகுதி எனக்குத் தொய்வாகவே படுகிறது. உருப்படிகளுக்கு இடையே சில நொடிகள் வரும் கிறுக்குப் பேச்சுத் துண்டுகள் முதல் தடவை சிரிப்பு, நாலாம் தடவை எரிச்சல். மெட்டுக்காகவே இசை கேட்பவர்களுக்கு இந்த ஆல்பம் எத்தனை விளக்கம் சொன்னாலும் ஒட்டாது, அதில் தவறும் இல்லை. அப்படிப்பட்டவர் நீங்கள் என்றால் அதே 1979-ல் வந்த 'ஜோ'ஸ் கராஜ்' ஆல்பத்தில் 'வாட்டர்மெலன் இன் ஈஸ்டர் ஹே' என்ற ஒன்றை மட்டும் கேளுங்கள். அதுவும் வாத்திய இசைதான், ஒன்பது அடிச் சுற்று, ஆனால் தெளிவான மெட்டு. அந்த ஆல்பத்தின் மற்ற சோலோக்களில் பெரும்பாலானவற்றைப் பழைய மேடைப் பதிவிலிருந்து எடுத்து, வேறு வேகத்தில் ஓடும் ஸ்டூடியோ இசைமேல் ஒட்டினார். இதையோ அந்தப் பாட்டுக்கென்றே வாசித்தார்.

கிட்டார் வாசிக்கிறீர்கள் என்பதால் ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கையில் பெரும்பாலும் கிப்ஸன் எஸ்ஜி. கிட்டாருக்குள்ளேயே பாராமெட்ரிக் ஈக்யூ சர்க்யூட் (வேண்டிய அலைவரிசையை மட்டும் ஏற்றி இறக்குவது) வைத்திருந்தார். ஒவ்வொரு அரங்கிலும் ஃபீட்பேக் எழும் அலைவரிசை வேறு, அதைத் தேடிப் பிடித்து அந்தப் பட்டையை மட்டும் ஏற்றினால் ஸ்வரம் அணையாமல் நிற்கும். வீவக அடுக்குமாடி வீட்டில் இதைச் செய்ய முடியாது. ஸ்பீக்கரின் காற்று தந்தியையே ஆட்ட வேண்டும், அந்தச் சத்தத்துக்கு மேல்மாடி கீழ்மாடி இரண்டும் கதவைத் தட்டும். இரவு 10.30-க்கு மேல் என்றால் கேட்கவே வேண்டாம். அதற்குப் பதில் கம்ப்ரஸர் பெடலை முன்னால் வையுங்கள். மற்றொன்று வா-வா பெடல். அவர் அதை ஆட்டாமல் நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி ஃபில்டராகப் பயன்படுத்துவது வழக்கம். பெடலைப் போட்டு, குதிகாலிலிருந்து மெல்ல முன்னால் சாய்த்து, குரல் மூக்கால் பேசுவதுபோல் ஆகும் இடத்தில் அப்படியே விட்டுவிடுங்கள். டிஸ்டார்ஷனைப் பழக்கமான அளவில் பாதிக்கு இறக்குங்கள். அது ஏறினால் பிக் படும் முனை மழுங்கும், மெல்லிய அடியும் பலத்த அடியும் ஒன்றாகிவிடும், ஏழையும் ஐந்தையும் யாராலும் பிரித்துக் கேட்க முடியாது.

தரையை நீங்களே போட்டுக்கொள்ளலாம். வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப்பரில் முதலில் ஐந்தாம் தந்தி மூன்றாம் ஃப்ரெட்டில் உள்ள சி-யை எட்டு அடிக்குத் தாங்கிப் பதிவு செய்யுங்கள், வேகம் 90-ஐ ஒட்டி. அதன்மேல் இரண்டாம் அடுக்காக, மேல் மூன்று தந்திகளில் மட்டும் நாலு அடி சி, நாலு அடி டி. இரண்டையும் ஒரே கையில் பிடிக்க முயன்றால் விரல் இழுத்துத் தாளம் தள்ளாடும், அதனால்தான் இரண்டு அடுக்கு. பிறகு ஐந்தாம் தந்தியிலேயே மேலே ஏறுங்கள்: 3, 5, 7, 9, 10, 12, 14, 15. அதுதான் ஸ முதல் மேல் ஸ வரை, 9 பிரதி மத்யமம். முதல் வாரம் அந்த ஒன்பதாம் ஃப்ரெட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஏழு சொல்லுங்கள். ஸ்வரம் மாற்றும் ஆசையை அடக்குவதுதான் கஷ்டம்.

அவருடைய இன்னொரு வித்தை, இடக்கையால் அழுத்திய தந்தியையே பிக்கின் விளிம்பால் மேலே ஃப்ரெட்டில் தட்டி ஒலிக்க வைப்பது. மூன்றாம் தந்தியில் ஆள்காட்டி விரல் 5, மோதிர விரல் 7, பிக்கால் 11, 12 என்று மாற்றி மாற்றித் தட்டுங்கள். வேகமாக வந்தால் துளைக்கருவி மாதிரி கேட்கும். பிக்கின் தட்டையான முகம் பட்டால் டக் என்ற சத்தம் மட்டும் வரும், ஸ்வரம் வராது. பக்கவாட்டு விளிம்பால், ஃப்ரெட் கம்பிக்குச் சற்றுப் பின்னே, தட்டிவிட்டு அங்கேயே ஒரு கணம் அழுத்தி நிற்க வேண்டும். மற்றத் தந்திகள் இரையாமல் வலது உள்ளங்கையின் ஓரம் அணைத்துக்கொள்ளட்டும்.

நண்பர்களோடு ஸ்டூடியோவை மணிக்கணக்கில் எடுத்து இதை வாசித்துப் பார்க்க நினைத்தால், டிரம்மரைத் தேர்வதில்தான் கவனம் தேவை. ராக் டிரம்மர்கள் பலர் நீங்கள் விலகியதும் தாங்களும் பயந்து உங்களைப் பிடிக்க ஓடி வருவார்கள், தரை சரிந்துவிடும். மிருதங்கம் வாசிப்பவரையோ தைப்பூசத்துக்கு உறுமி மேளம் அடிக்கும் நண்பரையோ கூப்பிட்டால் இந்தத் தொல்லை குறைவு, ஆள் விலகினாலும் தாளத்தை விடாத பழக்கம் அவர்களுக்கு இருக்கும். பேஸ் வாசிப்பவருக்கு ஒரே உத்தரவு: என்ன நடந்தாலும் மாற்றாதே. முதல் பத்து நிமிடம் கிட்டாரும் டிரம்ஸும் ஒரே நேரத்தில் விலகக் கூடாது, ஒருவர் போனால் மற்றவர் நிற்க வேண்டும். யாருக்காவது சமம் தொலைந்தால் கையைத் தூக்கட்டும், பேஸ் வாசிப்பவர் அடுத்த சுற்றின் தொடக்கத்தில் தலையாட்டிக் காட்டுவார். எல்லாவற்றையும் ஃபோனில் பதிவு செய்யுங்கள், ஃபோனை டிரம்ஸ் பக்கம் இல்லாமல் பேஸ் ஆம்ப் அருகில் வைத்து.

எல்பியாகவே வாங்க வேண்டும் என்றால் சிங்கப்பூரில் பெனின்சுலா, எக்செல்சியர், அடெல்ஃபி கட்டடங்கள் பக்கமுள்ள கடைகளில் பழைய பெட்டி கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மூன்று தட்டும் இருக்கிறதா, உறைக்குள் பூசணம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து வாங்குங்கள், நம் ஈரப்பதத்தில் அதுதான் முதல் எதிரி. கேட்பதற்கு மட்டும் என்றால் ஸ்ட்ரீமிங் போதும். இது பிடித்துப்போனால் அடுத்தது 1988-ல் வந்த 'கிட்டார்', இதே முறையில் தொகுத்த இரண்டு சிடி. அதைத் தொடுவதற்கு முன் இங்கே ஹாமர்ஸ்மித் சோலோ மூன்றையும் பேஸ் வரியைப் பாடிக்கொண்டே முழுதாகக் கேட்டு முடித்துவிடுங்கள்.